குளவியும் களியும் கொஞ்சம் இத்தாலியும்

பதிவு எழுதி ஏழு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்லலாம். உண்மை என்னன்னா எழுத ஒண்ணும் தோணலை. இப்ப தோணிடுச்சு. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி சித்தி போன்.

"கண்ணு, இந்த வாரம் ஊருக்கு வரியா?"

"என்னாச்சு சித்தி? சித்தப்பாவுக்கு ஒடம்புக்கு ஏதாவது..."

"அவருக்கு என்ன கேடு. உன் தங்கச்சிதான் இத்தாலிக்குப் போறேங்குது. மேல்படிப்பாம். நீதான் நாலு படிச்சவன், வந்து புத்தி சொல்லு. உன் பேச்சைத்தான் கேக்கும்."

நாலு படிச்சவன்! பெங்களூருல பொட்டி தட்டுறவனுக்கு ஊர்ல இருக்கிற மரியாதை இது. ஓட்டை லேப்டாப் ரிப்பேரிலிருந்து கல்யாண ஜாதகம் வரைக்கும் நம்மகிட்டதான் வரும்.

எங்க சித்தி பொண்ணைப் பத்தி சொல்லணும். வீட்டுல பாப்பா, அதனால இங்கயும் பாப்பாதான். வயசு இருபத்திரெண்டு. 2020 ஊரடங்குல எல்லாரும் டல்கோனா காபி கலக்கிட்டு இருந்தப்ப, போன்ல இத்தாலியன் கத்துக்க ஆரம்பிச்சா. ஒரு மாசத்துல விட்டுடுவான்னு நாங்க நெனச்சோம். விடலை. சென்னையில பி.ஏ. இங்கிலீஷ் படிச்ச மூணு வருஷமும் ராத்திரி ஆன்லைன் கிளாஸ். பெரூஜா நகரத்து வெளிநாட்டினர் பல்கலைக்கழகம் நடத்தற செலி பரீட்சையில பி2 நிலை தேறிட்டா. இப்ப இத்தாலியில ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல முதுகலைக்கு இடம் கெடச்சிருக்கு. அப்புறம் பி.எச்.டி. அப்புறம் இத்தாலியன் வாத்தியாரம்மா. ஆராய்ச்சி என்னன்னு கேட்டா 'காட்சிப் பண்பாடு'ங்கிறா.

அது என்ன கருமம்னு எனக்கும் அப்ப தெரியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்காம கூகுளைக் குடைஞ்சேன். அவளை மடக்க பாயிண்ட் வேணும்ல? இத்தாலியன் படிச்சு இந்தியாவுல யாராவது உருப்பட்டிருக்காங்களான்னு தேடினேன். டெல்லிப் பல்கலைக்கழகத்துல ஜெர்மானிய, ரோமானிய மொழிகள் துறை இருக்கு. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷோட இத்தாலியனும் சொல்லித் தர்றாங்க. அதுக்கு மேல பட்டியல் ரொம்ப நீளலை. எனக்கு சந்தோஷம், முதல் பாயிண்ட் கெடச்சாச்சு: வேலை கம்மி.

ரெண்டாவது பாயிண்ட் இன்னும் பலமா மாட்டுச்சு. 2023ல அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் பணம் பத்தலைன்னு வெளிநாட்டு மொழிப் பட்டப்படிப்புகளை மூட முடிவெடுத்தது. பெரிய ஊர்லயே இந்தக் கதின்னா தர்மபுரியில இத்தாலியனுக்கு யார் சம்பளம் குடுப்பா?

தேடும்போது வேண்டாத சில விஷயமும் மாட்டுச்சு. ஜூசெப்பே தூச்சின்னு ஒருத்தர். 1894ல இத்தாலியில மச்செராத்தாங்கிற ஊர்ல பொறந்தவர். 1925ல தாகூரோட சாந்திநிகேதனுக்கு வந்து இத்தாலியனும் சீன மொழியும் சொல்லிக் குடுத்தாரு. அவரை அனுப்பினது முசோலினி அரசு. கூடவே நூலகத்துக்கு மூட்டை மூட்டையா இத்தாலியப் புத்தகம். 1926ல தாகூர் இத்தாலிக்குப் போய் முசோலினியைப் பார்த்தாரு. அங்கிருந்து வெளிய வந்து உண்மை நெலவரம் புரிஞ்சதும் பாசிசத்தைக் கண்டிச்சு பத்திரிகைக்கு எழுதிட்டாரு. உறவு அறுந்து போச்சு. தூச்சி ஊருக்குத் திரும்பலை. டாக்கா, கல்கத்தான்னு வாத்தியார் வேலை பார்த்துக்கிட்டே திபெத் பக்கம் திரும்பிட்டாரு. திபெத்தியத் திரைச்சீலை ஓவியங்களைப் பத்தி 1949ல அவர் போட்ட புத்தகத்தை இன்னைக்கும் அந்தத் துறையில தவிர்க்க முடியாதுங்கிறாங்க.

அதாவது, மொழி சொல்லிக் குடுத்து சோறு; படம் பார்த்து ஆராய்ச்சி. பாப்பா கேக்கற அதே வாழ்க்கை, நூறு வருஷத்துக்கு முன்னாடி, எதிர்த் திசையில. இதை பாப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலையில ஓசூர்ல பஸ் மாறி, ராயக்கோட்டை வழியா பாலக்கோடு. அங்கிருந்து உள்ள போகணும். சித்தப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் மல்பரி, புழு வளர்க்கிற மனை ஒண்ணு. கூடு எடுத்தா தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டு போவாரு. வெலை ஏறினா சிரிப்பு, எறங்கினா மௌனம். நான் போனப்ப மௌனம்.

சித்தி களி கிண்டி வெச்சிருந்தாங்க. கேப்பைக் களி, அவரைக்கொட்டை கொழம்பு. நான் உருண்டையைக் கொழம்புல அமுக்கும்போதே ஆரம்பிச்சுட்டாங்க.

"அந்த ஊர்ல இது எல்லாம் கெடைக்குமா? என்னத்தத் தின்னும் இது?"

"வடக்கு இத்தாலியில களிதாம்மா," என்றாள் பாப்பா. "மக்காச்சோள மாவுல கிண்டுவாங்க. பேரு பொலெந்தா. அமெரிக்காவுலருந்து மக்காச்சோளம் வர்றதுக்கு முன்னாடி தினையிலகூட கிண்டினாங்க. ஏழைங்க சாப்பாடு. இப்ப பெரிய ஓட்டல்ல விக்கறாங்க."

"களிய ஓட்டல்ல காசு குடுத்து வாங்கறானா?" சித்திக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. எனக்கு, ஆஹா முதல் விக்கெட் போச்சேன்னு இருந்தது.

சாப்பிட்டுட்டு, "வாண்ணா, பாப்பாரப்பட்டி வரைக்கும் போயிட்டு வரலாம்"னா. பேச்சுவார்த்தைக்கு நல்ல இடம்னு கெளம்பினேன். சித்தப்பாவோட பஜாஜ் சேத்தக். 1998ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. ஒருக்களிச்சு சாய்ச்சு, நிமித்தி, உதைச்சாதான் ஸ்டார்ட் ஆகும். நாலாவது உதையில வழிக்கு வந்தது.

"அண்ணா, இதுதான் என் ஆராய்ச்சி"ன்னா பின்னாடியிருந்து.

"எது?"

"நீ ஓட்டற வண்டி."

வண்டிச் சத்தத்துல கத்திக்கிட்டே சொன்னதைச் சுருக்கித் தரேன். இரண்டாம் உலகப்போர்ல பியாஜ்ஜோ கம்பெனியோட விமானத் தொழிற்சாலை குண்டு விழுந்து நாசமாப் போச்சு. போருக்கப்புறம் விமானம் செய்ய வழியில்லை, ஜனங்களுக்கோ வண்டி வேணும். கொர்ராதீனோ தஸ்கானியோங்கிற இன்ஜினியர்கிட்ட சொன்னாங்க. அவர் ஹெலிகாப்டர் செஞ்ச ஆளு. மோட்டார் சைக்கிளே புடிக்காது. அதனால மோட்டார் சைக்கிள்ல தனக்கு எதெல்லாம் புடிக்கலையோ அதையெல்லாம் எடுத்துட்டு ஒரு வண்டி வரைஞ்சாரு. எண்ணெய் வழியற செயின் கிடையாது. கால் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம், பாவாடை கட்டினவங்களும் உக்காரலாம். விமானச் சக்கரம் மாதிரி ஒரே பக்கம் தாங்கல், அதனால பஞ்சர் ஆனா சட்டுனு கழட்டலாம். முதலாளி பார்த்துட்டு "குளவி மாதிரி இருக்கே"ன்னாராம். குளவிக்கு இத்தாலியன்ல வெஸ்பா. அது 1946. அதே கம்பெனி 1948ல மூணு சக்கர வண்டி விட்டுச்சு. பேரு ஆப்பே, அப்படின்னா தேனீ. நம்மூர் ஷேர் ஆட்டோவை 'அப்பே'ங்கிறோமே, அதேதான்! பஜாஜ் 1960லருந்து லைசென்ஸ் வாங்கி இங்க வெஸ்பா செஞ்சுது. 1971ல லைசென்ஸ் முடிஞ்சதும் மறுவருஷம் அதே உருவத்துல சொந்தப் பேருல வந்ததுதான் சேத்தக்.

"வேட்டி கட்டின அப்பா கூடு மூட்டையை முன்னாடி வெச்சு ஓட்டறாரு. கால் வெக்கற அந்த எடம் இத்தாலியில பாவாடைக்காரங்களுக்காக வரைஞ்சது. ஒரு உருவம் ஒரு ஊர்ல எதுக்கோ பொறந்து, இன்னொரு ஊர்ல எதுக்கோ ஆகுது பாரு. மியூசியத்து ஓவியம் மட்டும் இல்லண்ணா. வண்டி, போஸ்டர், தபால்தலை, சினிமா, காலண்டர்... ஜனங்க கண்ணுல தெனம் படறது எல்லாமே காட்சிப் பண்பாடுதான்."

நான் பதில் சொல்லலை. மூணு வருஷமா கம்பெனியில ஒரு ஸ்கிரீன்ல பட்டன் எங்க இருக்கணும்னு மாத்தி மாத்தி கோடு எழுதறேன். யாராவது அதை ஏன்னு கேட்டிருக்காங்களா?

பாப்பாரப்பட்டி. நம்ம ஜனங்கள்ல பல பேருக்கு ஊர்ப் பேர் தெரியாது, இருக்கறவர் பேர் தெரியும். சுப்பிரமணிய சிவா. 1884ல வத்தலக்குண்டுல பொறந்தவர். 1908ல வ.உ.சி.யோட சேர்ந்து ஜெயிலுக்குப் போனாரு. வெளிய வரும்போது தொழுநோய். அதைச் சாக்கா வெச்சு ரயில்ல ஏறக்கூடாதுன்னாங்க. நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராப் போய் பேசினாரு. கடைசியில நெலம் வாங்கி ஆசிரமம் போட்டது இங்கதான். இந்தப் பொட்டல்ல பாரதமாதாவுக்கு ஒரு கோயில் கட்டணும்னு ஆசை. 1923ல தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினாரு. பணம் சேரலை, நோய் முத்திடுச்சு. 1925 ஜூலை 23ல இங்கயே இறந்துட்டாரு. நாப்பது வயசு. இப்ப மணிமண்டபம் இருக்கு, பாரதமாதா நினைவாலயமும் இருக்கு.

சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல டூர் கூட்டிட்டு வந்த இடம். அப்ப புளிச்சோறு சாப்பிட்டது மட்டும்தான் ஞாபகம்.

நிழல்ல உக்காந்து போன்ல ஒரு படம் காட்டினா. ப்ளாரன்ஸ்ல சாந்தா குரோச்சே கோயில், கவிஞர் அல்ஃபியேரியோட கல்லறை. கனோவா செதுக்கினது, 1810. கல்லறை மேல சாஞ்சுக்கிட்டு ஒரு பொம்பளை அழுவுறா. தலையில கோட்டைச் சுவர் மாதிரி கிரீடம்.

"யாரு, அவர் சம்சாரமா?"

"இத்தாலி. அவங்க நாடுண்ணா. அப்ப இத்தாலினு ஒரு நாடே கிடையாது, துண்டு துண்டா கெடந்தது. இல்லாத நாட்டுக்கு முதல்ல ஒரு அம்மா வந்துட்டா."

அந்தக் கோட்டைக் கிரீடம் வெச்ச பொம்பளை பழைய ரோமானிய நாணயத்துலயே இருக்காளாம். 1953லருந்து பல வருஷம் இத்தாலியோட சாதாரணத் தபால்தலையில அவ முகம்தான். அடுத்த படம், ஹாயேஸ்ங்கிற ஓவியர் 1851ல வரைஞ்சது. பேரு 'தியானம்'. சோர்ந்து உக்காந்திருக்கிற ஒரு பொண்ணு, கையில ஒரு புத்தகம், ஒரு சிலுவை. சிலுவையில தேதி குறிச்சிருக்கு: 1848 மார்ச்சுல மிலான் ஜனங்க ஆஸ்திரியப் படையை எதிர்த்து சண்டை போட்ட அஞ்சு நாள். அந்த எழுச்சி கடைசியில தோத்துப் போச்சு. தோத்ததை நேராச் சொல்ல முடியாத காலத்துல ஒரு பொண்ணு முகத்துல வெச்சுட்டாரு.

அதுக்கடுத்து, அவனீந்திரநாத் தாகூர் 1905ல வரைஞ்ச பாரதமாதா. காவி உடுத்தி, நாலு கையில புத்தகம், நெற்கதிர், துணி, ஜெபமாலை.

"இதைப் பார்த்து அதை வரைஞ்சாருன்னு சொல்ல வரலை," என்றாள் அவசரமா. "ஒண்ணைப் பார்த்து ஒண்ணுன்னு சொல்றது ஈஸி. ரெண்டு ஊர்லயும் ஏன் அம்மா? ஏன் அப்பா இல்ல? ஒருத்தி ஏன் அழுவுறா, இன்னொருத்தி ஏன் சாமியாரிணியா நிக்கறா? அதுதான் கேள்வி. மாஜினியை இங்க எல்லாரும் படிச்சிருக்காங்க. பாரதி மாஜினியோட சபதத்தைப் பாட்டா எழுதினாரு. 1909ல காந்தி 'இந்து சுயராஜ்யம்'ல இத்தாலிக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதி, அவங்க வழி நமக்கு வேணாம்னாரு. அந்தப் பேச்சு நடந்த காலத்துல வாழ்ந்தவர்தான் இங்க படுத்திருக்காரு. ரயில்ல ஏத்தாத மனுஷன், கையில காசில்லாத மனுஷன், ஏன் பள்ளிக்கூடம் கட்டல, ஆஸ்பத்திரி கட்டல? ஏன் அம்மாவுக்கு ஒரு உருவம் வேணும்னாரு?"

பாரதமாதா படங்களைப் பத்தி சுமதி ராமசாமிங்கிற வரலாற்றுப் பேராசிரியர் 2010ல 'தி காடஸ் அண்ட் த நேஷன்'னு ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்காங்களாம். அதுக்கு முன்னாடி 1997ல தமிழ்ப்பற்றையும் தமிழ்த்தாயையும் பத்தி ஒண்ணு. "அதைப் படிச்சப்பதான் இது ஒரு வேலைன்னே தெரிஞ்சுதுண்ணா. படம் பார்த்து யோசிக்கறது ஒரு வேலை."

நான் என் பாயிண்ட்டுகளை எடுத்துவிட்டேன். வேலை கம்மி. அமெரிக்காவுல மூடறாங்க.

"மேற்கு வர்ஜீனியாவா? தெரியும்," என்றாள். "இத்தாலியன் வாத்தியார்ங்கள்ல நெறைய பேர் வாரத்துல பாதி நேரம் வினைச்சொல் வாய்ப்பாடுதான் நடத்தறாங்க. நான் போறேன், நீ போற, அவன் போறான். மிச்ச நேரத்துலதான் ஆராய்ச்சி. நானும் இப்பவே நாலு பேருக்கு ஆன்லைன்ல சொல்லித் தரேன், இத்தாலிக்குப் படிக்கப் போற பசங்க. பரீட்சை பீசு அதுலதான் கட்டினேன். உனக்கு இது புரியணுமேண்ணா. நீ ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு ராத்திரி பிளாக் எழுதறல்ல? அதேதான். என்ன, எனக்கு ரெண்டும் ஒரே கட்டடத்துல நடக்கும்."

அவ்வ்வ்வ்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ப்ளஸ் டூ முடிச்சப்ப எனக்கு எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில சேரணும்னு ஆசை. அப்ளிகேஷன் பாரத்தை வாங்கி வெச்சிருந்தேன். அப்பா திட்டலை, அடிக்கலை. "வரைஞ்சா சோறு வருமாடா?"ன்னு மட்டும் கேட்டாரு. எனக்குப் பதில் தெரியலை. கிண்டி கவுன்சிலிங்குக்குப் போயிட்டேன். அப்பா மேல கோபம் இல்லை. அந்த இன்ஜினியரிங்தான் எங்க வீட்டுக் கடனை அடைச்சுது. ஆனா அதுக்கப்புறம் நான் ஒரு படம்கூட வரையலை. தடுத்தது யாரும் இல்லை. சோறு வராததைச் செய்யக்கூடாதுன்னு நானே நம்பிட்டேன். அந்தக் கேள்வியைத்தான் இப்ப நான் பெங்களூருலருந்து பஸ் ஏறி வந்து இவகிட்ட கேட்டுட்டு இருக்கேன்.

பாப்பாகிட்ட பதில் இருந்தது. அதுதான் எனக்கும் அவளுக்கும் வித்தியாசம்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், திண்ணையில மாநாடு. சித்தப்பா, சித்தி, பாப்பா, நடுவுல நாட்டாமை நான்.

சித்தப்பா கத்தறவர் இல்லை. மெதுவாத்தான் கேட்டாரு. "ஏம்பா, நான் தெரியாமத்தான் கேக்கறேன். டாக்டருக்குப் படிக்க வெளிநாடு போறாங்க, கம்ப்யூட்டருக்குப் போறாங்க. அவங்க பாஷையைப் படிச்சு நமக்கு என்ன ஆவப் போவுது? அவங்க பாஷையை அவங்களே சொல்லித் தர மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள பாப்பா முந்திக்கிட்டா.

"வீரமாமுனிவர் யாருப்பா?"

"நம்ம தேம்பாவணி எழுதினவரு."

"அவரு இத்தாலிக்காரர். மாந்துவா பக்கத்துல பொறந்தவர், 1680ல. பேரு பெஸ்கி. இங்க வந்து நம்ம பாஷையைப் படிச்சாரு. நாம எழுதற ஏ, ஓ ரெண்டுக்கும் தனி வடிவம் குடுத்தாரு. 1732ல சதுரகராதி போட்டாரு. கோணான்குப்பத்துல மாதாவுக்குப் புடவை கட்டி பெரியநாயகின்னு நம்மூர் அம்மாவாக்கினதும் அவருதான்னு சொல்லுவாங்க. நம்ம பாஷையை நாமளே சொல்லித் தர மாட்டோமான்னு அவங்க அப்பா கேட்டிருந்தா? அவரு இங்க வந்து தமிழ் படிச்சா மெரினாவுல செலை வெக்கறோம். நான் அங்க போய் இத்தாலியன் படிச்சா மட்டும் பைத்தியமா?"

சித்தப்பா சிரிச்சுட்டாரு. ஆனா எறங்கலை. "அவரு சாமியாரும்மா. அவருக்கு சோத்துக் கவலை இல்ல."

பாயிண்ட்! இதுக்கு பாப்பாவுக்கும் பதில் இல்லை. அப்புறம் காசு பேச்சு. அரசுப் பல்கலைக்கழகத்துல குடும்ப வருமானத்தைப் பார்த்துதான் பீசு, நம்ம வருமானத்துக்கு ரொம்பக் குறையும். மாகாண உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சிருக்கா, முடிவு வரலை. வராட்டி முதல் வருஷம் கஷ்டம். சித்தி பக்கத்துல கல்யாணப் பேச்சை எடுத்தாங்க. ரெண்டு வருஷம் போயிட்டு வந்தா வயசு இருபத்தஞ்சு ஆயிடும்னாங்க. போகாட்டியும் ஆகும்மான்னா பாப்பா. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. மனையிலருந்து புழு எலை தின்ற சத்தம் மட்டும், சின்ன மழை மாதிரி.

சித்தப்பா திடீர்னு கேட்டாரு. "அந்த ஊர்ல பட்டு உண்டா?"

"கோமோன்னு ஒரு ஊருப்பா, ஏரிக்கரையில. பட்டுக்கே பேர் போனது."

"கூடு வளக்கறானா?"

"முன்னாடி வடக்கு இத்தாலி முழுக்க வீட்டுக்கு வீடு வளர்த்தாங்க. இப்ப கோமோவுல நெய்யறது, அச்சடிக்கறதுதான். நூல் சீனாவுலருந்து வருது."

"அங்கயும் சீனா நூலா..." சித்தப்பாவுக்கு முதல் தடவையா இத்தாலி மேல ஒரு பாசம் வந்ததைப் பார்த்தேன்.

"அப்பா, பெப்ரின் இருக்குல்ல?"

சித்தப்பா நிமிர்ந்து உக்காந்தாரு. புழு வளக்கறவங்ககிட்ட அந்தப் பேரைச் சொன்னா அப்படித்தான். முட்டை வழியா வர்ற நோய். வந்தா தட்டோட கொளுத்த வேண்டியதுதான். 1850கள்ல அது பிரான்சு, இத்தாலி எல்லாம் பரவி பட்டுத் தொழிலை நாசம் பண்ணுச்சு. பாஸ்டர் வந்து ஆராய்ச்சி பண்ணது 1865க்கு அப்புறம். அதுவரைக்கும் நல்ல முட்டை எங்கயும் இல்லை. ஜப்பான்ல மட்டும் நோய் இல்லாத முட்டை கெடைச்சுது.

"இத்தாலிக்காரங்க வருஷா வருஷம் கப்பல் ஏறி ஜப்பான் போனாங்கப்பா. முட்டை ஒட்டின அட்டையை வாங்கிட்டு, வழியில பொரிச்சுடாம ஊர் வந்து சேரணும். அவங்களுக்கு சேமாய்னு பேரு, விதைக்காரங்க. போகும்போது பாஷை தெரியாது, வழி தெரியாது. போனாங்க."

"முட்டைக்கா? ஜப்பான் வரைக்குமா?"

"முட்டைக்குத்தான்."

சித்தப்பா ரொம்ப நேரம் மனைப் பக்கமே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சு, எலை போட நேரமாச்சுன்னு போயிட்டாரு. மாநாடு தீர்மானம் எதுவும் இல்லாம கலைஞ்சுது. போறதுக்கு முன்னாடி நான் சித்தியைத் தனியாக் கூப்பிட்டு, உதவித்தொகை வராட்டி முதல் வருஷச் செலவு நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். பிளாட் வாங்க சேர்த்த காசு. "உன்னை எதுக்குக் கூப்புட்டேன், நீ என்ன பண்ணிட்டுப் போற?"ன்னாங்க. அழுதாங்களா சிரிச்சாங்களான்னு தெரியலை.

சாயங்காலம் சித்தப்பாவே சேத்தக்ல பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்து விட்டாரு. வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. பஸ் வர்ற நேரத்துல வண்டியை ஆஃப் பண்ணிட்டுக் கேட்டாரு.

"பாப்பா சொல்லுச்சு, இந்த வண்டி இத்தாலிக்காரன் வரைஞ்சதாம்ல?"

"ஆமாம் சித்தப்பா."

"பேரு என்னமோ சொல்லுச்சே."

"வெஸ்பா. குளவின்னு அர்த்தம்."

"குளவி..." பின்பக்கம் உப்பியிருக்கிற இன்ஜின் மூடியைத் தடவிப் பார்த்தாரு. "இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஓட்டறேன். எனக்குத் தோணலை பாரு. குளவியேதான்."

அது சம்மதமா இல்லையான்னு எனக்குத் தெரியலை. ஆனா போன வாரம் சித்தி போன்ல சொன்னாங்க, பாஸ்போர்ட் எடுக்க தர்மபுரிக்கு பாப்பாவை சித்தப்பாதான் அந்தக் குளவியில கூட்டிட்டுப் போனாராம்.

நேத்து ராத்திரி ஒரு ஏ4 தாள்ல சேத்தக் வரைய உக்காந்தேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கை நடுங்குது, முன் சக்கரம் கோணிப் போச்சு. கிழிக்கலை, வெச்சிருக்கேன்.

டிஸ்கி 1: இத்தாலியன்ல 'பென்னா'ன்னா பேனா, ஒரு ன் குறைச்சு 'பேனா'ன்னா துன்பம். ஒத்தை எழுத்து, ரெட்டை எழுத்து வித்தியாசம் தமிழ்க் காதுக்கு ஈஸியாப் புடிபடுதுன்னு பாப்பா சொல்றா. நான் ரெண்டு பாடம் முடிச்சிருக்கேன். நம்பலாம்.

டிஸ்கி 2: இத்தாலியில படிக்கற, படிச்ச பதிவர் யாராவது இருந்தா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. மாகாண உதவித்தொகை முதல் தவணை கைக்கு வர எத்தனை மாசம் ஆகும்? சித்தப்பா கேக்கச் சொன்னாரு.